தை ஈரத்தில் இறங்கிய வண்டி: செட்டிநாட்டு வயலில் அடிமண் இறுக்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

மாசிப் பட்டத்து நிலக்கடலை முளைத்து 25 நாள். வரப்பில் நின்று பார்த்தால் வயல் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பச்சைக்கு நடுவே மஞ்சள் கோடுகள் ஜோடி ஜோடியாக ஓடுகின்றன. ஒரு ஜோடிக்கு இடையே உள்ள தூரத்தை டேப் பிடித்து அளந்தால், தை மாதம் நெல் அறுத்துப் போன செயின் வண்டியின் இரண்டு செயின்களுக்கு இடைப்பட்ட தூரம் அப்படியே வரும். மடைப் பக்கத்து மூலையில் கோடுகள் ஒன்றாகக் கலந்து பெரிய திட்டாகிவிட்டன. அறுவடையன்று டிப்பர் டிரெய்லர் நின்று நெல் ஏற்றிய இடம் அது.

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், சாக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் இந்தக் காட்சி அபூர்வமில்லை. மஞ்சளைப் பார்த்ததும் பலரும் சத்துக்குறை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். யூரியா விழுகிறது, அடுத்து ஜிங்க் சல்பேட், அதற்கும் கேட்காவிட்டால் கடைக்காரர் கொடுக்கும் நுண்ணூட்டக் கலவை. பணம் போகிறது, கோடு போவதில்லை. நோய் இலையில் இல்லாமல் ஒரு சாண் ஆழத்தில் இருப்பதே காரணம்.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது தனி ஒருவரின் நிலம் அல்ல. இப்பகுதியில் வழக்கமாக உள்ள மண், வண்டி, பட்டம் ஆகியவற்றை வைத்து அமைத்த மாதிரி வயல் இது. கண்மாய் ஆயக்கட்டில் 100 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கர். புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல், தையில் இயந்திர அறுவடை, பிறகு கிணற்றுத் தண்ணீரில் நிலக்கடலை. எண்களை எல்லாம் வண்டியின் அளவுகளிலிருந்து கணக்கிட்டு, கணக்கையும் காட்டியிருக்கிறோம். உங்கள் வண்டியின் அளவைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மண்ணுக்கு ஒரு குறை உண்டு

செட்டிநாட்டு நிலத்தின் பெரும்பகுதி செம்மண். மணல் கலந்த இருமண்ணும், கொஞ்சம் களி ஏறிய இருமண்ணும், மேட்டுப் பக்கம் சரளையும், அதற்கடியில் செம்புறாங்கல்லும் காணப்படும். அங்ககச் சத்து குறைவு. இவற்றையெல்லாம் விட முக்கியமானது அதிலுள்ள களியின் தன்மை. கரிசல் மண்ணின் களி தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பே இறுகிய அடிமண்ணை ஆண்டுக்கு ஆண்டு தானாகப் பிளந்துவிடுகிறது. செம்மண்ணின் களி பெரும்பாலும் கயோலினைட். அது அவ்வளவாக உப்புவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. கரிசல் காட்டில் ஒரு தவறு செய்தால் கோடை வெயில் பாதியைத் திருத்திக் கொடுக்கும். செம்மண்ணில் செய்த தவறை யாராவது திருத்தும் வரை அது அங்கேயே கிடக்கும். “பக்கத்து மாவட்டத்தில் இதே வண்டிதான் ஓடுது, அங்க ஒண்ணும் ஆகலையே” என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

குழி வெட்டிப் பார்க்காமல் எதுவும் தெரியாது

மூன்று இடங்களில் குழி போட வேண்டும். ஒன்று மஞ்சள் கோட்டின் மேல். இரண்டாவது பச்சையாக உள்ள இடத்தில். மூன்றாவது எந்தச் சக்கரமும் ஏறாத வரப்போரத்தில்; இந்த வயலின் பழைய மண் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் போதும். மழை பெய்து அல்லது தண்ணீர் பாய்ச்சி இரண்டு மூன்று நாள் கழித்து வெட்டுங்கள். காய்ந்த செம்மண் எல்லாமே கல்லாகத்தான் இருக்கும், அப்போது பார்ப்பதில் பயனில்லை.

குழியின் ஒரு பக்கச் சுவரைச் செதுக்கிவிட்டு, ஒரு கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டு அங்குலத்துக்கு ஒரு குத்து குத்திக்கொண்டே போக வேண்டும். மேல் 10, 12 செ.மீ. வரை கத்தி சுலபமாக இறங்கும். பிறகு ஒரு இடத்தில் சட்டென்று முட்டும். அங்கே மண்ணைப் பெயர்த்தால் பொலபொலவென்று உதிராமல் ஓடு ஓடாக, படுக்கைவாட்டில் தட்டையாகப் பெயரும். இன்னும் ஒரு சாண் கீழே போனால் கத்தி மறுபடி இளகும். நடுவிலுள்ள அந்த அடுக்குதான் கெட்டித்தட்டு. ஒரு கடலைச் செடியை வேரோடு எடுத்துக் கழுவிப் பாருங்கள். ஆணிவேர் நேராக இறங்கி, தட்டைத் தொட்டதும் ‘ட’ எழுத்தைப் போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். வேர் முனை தடித்து, பக்கவேர்கள் எல்லாம் மேல்மண்ணிலேயே கொத்தாக நிற்கும்.

இது வண்டி உண்டாக்கிய தட்டா, இயற்கையிலேயே உள்ள செம்புறாங்கல்லா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கட்டியை எடுத்து வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடுங்கள். வண்டியால் இறுகிய மண் கரைந்து உதிர்ந்துவிடும். செம்புறாங்கல் அப்படியே இருக்கும். வரப்போரக் குழியிலும் அதே ஆழத்தில் அதே கடினம் இருந்தால் அது வண்டியின் வேலை அல்ல. அந்த நிலத்தில், அடிமண்ணை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக் கலப்பையை இறக்கினால் கலப்பைதான் உடையும்.

குழி ஒரு இடத்தைத்தான் காட்டும். வயல் முழுக்கப் பார்க்க ஒரு கம்பி போதும். 10 மி.மீ. கம்பி, ஒரு மீட்டர் நீளம், மேலே குறுக்கே ஒரு கைப்பிடி. நுனியில் 12 மி.மீ. விட்டமுள்ள கூம்பைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். நுனி கம்பியை விடச் சற்று அகலமாக இருந்தால்தான் கம்பியின் உடம்பு மண்ணில் உரசிப் பொய்க்கணக்குக் காட்டாது. சதுர செ.மீ.க்கு 20 கிலோ எதிர்ப்புக்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களின் வேர் ஏறத்தாழ நின்றுவிடும். 12 மி.மீ. நுனியின் பரப்பு 1.13 சதுர செ.மீ. ஆகவே 22, 23 கிலோ அழுத்தம்தான் எல்லை. ஒரு எடை பார்க்கும் மெஷின் மேல் கம்பியை ஊன்றி 22 கிலோ காட்டும் வரை நாலைந்து தடவை அழுத்திப் பழகினால் கைக்கு அந்த அளவு படிந்துவிடும். பிறகு வயலில் ஐந்தடிக்கு ஒரு குத்து. அதற்கு மேல் அழுத்தம் கேட்கும் ஆழத்தைக் கம்பியில் சுண்ணாம்பால் குறித்து, நோட்டில் எழுதுங்கள்.

எண்ணாகவே வேண்டும் என்பவர்கள் உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 5 செ.மீ. உள்ள இரும்பு வளையத்தைத் தட்டின் மட்டத்தில் அடித்து இறக்கி, மண்ணைச் சிந்தாமல் எடுத்து, ஓரங்களைக் கத்தியால் சீவி, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை போடலாம். வளையத்தின் கொள்ளளவு 98 கன செ.மீ. உலர்ந்த மண் 142 கிராம் என்றால் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.45 கிராம். அதே வளையத்தில் 167 கிராம் வந்தால் 1.70. மணற்பாங்கான இருமண்ணில் 1.63ஐத் தாண்டினாலே வேர் தயங்கும், 1.80க்கு மேல் நின்றுவிடும். மண் துகளின் அடர்த்தி 2.65 என்று வைத்தால், 1.45இல் 45 சதவீதம் துளைவெளி இருக்கிறது, 1.70இல் 36தான். இந்த வித்தியாசத்தை 10 செ.மீ. கனமுள்ள ஒரு அடுக்குக்கு, 4,000 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 38,000 லிட்டர் இடம் காணாமல் போயிருக்கிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்று. அதிலும் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். மழை நீர் இறங்குவதும் காற்று போய்வருவதும் அவற்றின் வழியாகத்தான்.

எத்தனை சக்கரம் ஏறியது

இப்போது அந்த ஏக்கரின் மேல் ஒரு ஆண்டில் ஓடிய வண்டிகளை வரிசைப்படுத்துவோம். டிராக்டரின் பின்டயர் 13.6 அங்குல அகலம், இரண்டு டயருக்கும் சேர்த்து 69 செ.மீ. ஒன்பது கொத்துக் கலப்பை ஒரு ஓட்டத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் உழும். ஆக ஒவ்வொரு உழவிலும் நிலத்தின் 35 சதவீதம் மிதிபடுகிறது. ஆறடி ரொட்டவேட்டர் (சுழல் கலப்பை) என்றால் 38 சதவீதம். செயின் அறுவடை வண்டி 2 மீட்டர் அறுக்கும், 45 செ.மீ. செயின் இரண்டு, 45 சதவீதம். பிறகு வைக்கோல் கட்டும் மெஷினை இழுத்துக்கொண்டு அதே 2 மீட்டர் வரிசையில் டிராக்டர் மறுபடி, 35 சதவீதம்.

இரண்டு கலப்பை உழவு, இரண்டு ரொட்டவேட்டர், ஒரு அறுவடை, ஒரு வைக்கோல் கட்டு. ஒவ்வொரு தடவையும் ஓட்டுநர் தன் வசதிக்கு ஒரு பக்கம் தொடங்கினால் மிதிபடாமல் தப்பும் நிலம்: 0.65 × 0.65 × 0.62 × 0.62 × 0.55 × 0.65 = 0.058. நூற்றுக்கு ஆறு. மீதி 94 சென்ட்டில் ஒரு தடவையாவது சக்கரம் ஏறிவிட்டது. டிப்பர் வந்துபோனதையும் தலைமாட்டில் வண்டி திரும்பியதையும் இதில் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கு முக்கியமானதற்குக் காரணம் இருக்கிறது. இளகிய மண்ணில் ஒரு சக்கரம் முதல் தடவை ஏறும்போதே இறுக்கத்தின் பெரும்பங்கு நடந்துவிடுகிறது. அதே தடத்தில் இரண்டாவது, மூன்றாவது தடவை ஏறுவது அதன் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டும். அதனால் பத்துத் தடவை ஒரே தடத்தில் ஓடுவதை விட, ஐந்து தடவை ஐந்து இடத்தில் ஓடுவது நிலத்துக்குக் கேடு.

எடை, காற்று, ஆழம்

சக்கரம் மண்ணைத் தொடும் இடத்தில் விழும் அழுத்தம் ஏறத்தாழ டயரின் காற்றழுத்தத்துக்குச் சமம். வயலில் ஓடும் டிராக்டர் டயர் 12, 14 பி.எஸ்.ஐ., அதாவது சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அளவு. ஆனால் அது எவ்வளவு ஆழம் போகும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு சக்கரத்தின் மேலுள்ள மொத்த எடை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் “மாடு மிதிச்சாலும் இறுகத்தானே செய்யும்” என்ற வாதம் வருகிறது. மாட்டின் குளம்பு சதுர செ.மீ.க்கு ஒன்றரை கிலோ அழுத்தும், டிராக்டரை விட அதிகம். ஆனால் குளம்பின் மேல் இருப்பது 100 கிலோதான். ஒரு சாண் இறங்குவதற்குள் அந்த அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்துவிடும்.

வட்டமான சுமையின் அழுத்தம் ஆழம் போகப் போக எப்படிக் குறையும் என்று காட்டும் நெகிழ்வுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது. ரொட்டவேட்டரைத் தூக்கி நிற்கும் டிராக்டரின் ஒரு பின்சக்கரத்தில் ஒரு டன். 20 செ.மீ. ஆழத்தில் அதன் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.58 கிலோ. பெரிய டயர் அறுவடை வண்டியில் ஒரு முன்சக்கரத்துக்கு 3 டன், அடியில் 1.5 கிலோ அழுத்தம் என்றால், 20 செ.மீ.இல் 1.14, 40 செ.மீ.இல் 0.59. டிராக்டர் ஒரு சாண் ஆழத்தில் கொடுக்கும் அதே அழுத்தத்தை டயர் வண்டி ஒரு முழ ஆழத்தில் கொடுக்கிறது. ஒரு சாணில் இறுகியதைக் கலப்பையால் பெயர்க்கலாம். ஒரு முழத்தில் இறுகியதை எதை வைத்துப் பெயர்ப்பது?

செயின் வண்டி இந்த வகையில் எவ்வளவோ மேல். 3.2 டன் வண்டி, தொட்டியில் ஒரு டன் நெல், மொத்தம் 4.2 டன். இரண்டு செயினும் தரையைத் தொடும் பரப்பு 45 × 150 × 2 = 13,500 சதுர செ.மீ. சராசரி 0.31 கிலோதான். உருளைகளுக்கு நேர் கீழே இரண்டு மூன்று மடங்கு ஏறும் என்றாலும், டயர் வண்டியை எட்டாது. ஒரே செயினைப் பூட்டி நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றும்போதுதான் இந்த நன்மை கெட்டுப்போகிறது. ஈர மண் அரைபட்டு, பூசி மெழுகியது போல மூடிக்கொள்கிறது.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத டிப்பர். லாரி டயர் போட்ட டிரெய்லரில் காற்று 60 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். தார் ரோட்டுக்கு அது சரி. 3 டன் நெல் ஏற்றிய டிப்பரில் ஒரு சக்கரத்துக்கு 2 டன் என்றால், கடினத் தரையில் அது தொட்டுக்கொண்டிருப்பது 20 செ.மீ.க்கு 20 செ.மீ. இடம்தான். சதுர செ.மீ.க்கு 5 கிலோ. 20 செ.மீ. ஆழத்தில் 1.7 கிலோ, டிராக்டரைப் போல மூன்று மடங்கு. அறுவடை வண்டிக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு டிப்பரை வயலுக்குள் விடுவது, கதவைப் பூட்டிவிட்டுச் சுவரை இடிப்பதற்குச் சமம்.

இவை எல்லாம் மண் ஓரளவு உறுதியாக இருக்கும்போது. ஈரம் ஏறினால் இதே அழுத்தம் இன்னும் ஆழத்துக்குச் செல்லும், மண்ணும் குறைந்த அழுத்தத்துக்கே மசிந்துவிடும். அதே டிப்பர் வைகாசியில் கண்மாய் வண்டல் ஏற்றிக்கொண்டு காய்ந்த வயலில் ஓடினால் சேதம் சொற்பம். தை மாதம் ஒரு மழை பெய்து மறுநாள் ஓடினால் அது மூன்று பட்டத்துக்குத் தெரியும்.

இழப்பு எவ்வளவு என்று கேட்பார்கள். வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஒரே முறையில் நடத்திய தொடர் பரிசோதனைகளில், 10 டன் அச்சு எடையுள்ள வண்டியை ஈர நிலத்தில் நான்கு தடவை ஓட்டியபோது முதலாண்டு விளைச்சல் சராசரியாக ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்தது. மேல்மண்ணின் பாதிப்பு சில ஆண்டுகளில் தேய்ந்தது, 40 செ.மீ.க்குக் கீழே போனது பல ஆண்டு நின்றது. அங்கே மண் உறைந்து உருகுவதால் கொஞ்சமாவது இளகும். இங்கே அது கிடையாது. ஆகவே அந்த எண்ணை அப்படியே செட்டிநாட்டுக்குப் பெயர்த்துச் சொல்வது சரியல்ல. உங்கள் வயலின் எண்ணை உங்கள் வயலிலேயே எடுக்கலாம். கோட்டின் மேல் 5 சதுர மீட்டர், பச்சையில் 5 சதுர மீட்டர் அளந்து, தனித்தனியாகப் பிடுங்கி, காயை எடை போட்டால் தெரிந்துவிடும்.

கடலைக்கு என்ன ஆகிறது

நெல்லை விட நிலக்கடலை இதில் அதிகம் அடிபடுகிறது, காரணம் இரண்டு அடுக்கில் வருகிறது. கீழே ஆணிவேர் தட்டில் முட்டி நின்றுவிடுவதால் தண்ணீர் பாய்ச்சிய நாலாம் நாளே செடி வாடுகிறது. பச்சைப் பகுதி ஏழெட்டு நாள் தாங்கும். தண்ணீரை அடிக்கடி கொடுத்தால் அது தட்டின் மேலேயே நின்று வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்கிறது. நின்ற நீரில் தழைச்சத்தின் ஒரு பகுதி வாயுவாகிப் போய்விடும், வேர் முடிச்சுகளும் மூச்சுத் திணறும். மஞ்சள் இதனால் வருவது. மேலும் யூரியா போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

மேலே, பூவிலிருந்து காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கும் பருவத்தில், மண் இறுகியிருந்தால் விழுது மண்ணைத் துளைக்க முடியாமல் வெளியிலேயே காய்ந்துவிடும். இறங்கியதும் மண்ணுக்குள் பருக்க இடமில்லாமல் ஒற்றைப் பருப்பும் பொக்குமாக நிற்கும். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு 40, 45ஆம் நாள் மண் அணைப்பது இந்த மேல் இறுக்கத்தைக் கொஞ்சம் இளக்கும். அடித்தட்டை அது தொடாது. கடைசியில் பிடுங்கும்போது காம்பு அறுந்து காய் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கோட்டில் செடி சிறியது என்று மட்டும் நினைப்பவர்கள் ஒரு மண்வெட்டியால் அங்கே கிளறிப் பார்க்க வேண்டும்.

நெல்லுக்கோ இதே தட்டு ஓரளவுக்கு நல்லது. கண்மாய்த் தண்ணீர் கீழே இறங்கிப் போகாமல் தாங்குவது அதுதான். மிகவும் மணற்பாங்கான நிலத்திலும், கால் புதையும் இளகிய நெல் வயலிலும் 400 கிலோ கல் உருளையை எட்டு முறை உருட்டி வேண்டுமென்றே இறுக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. ஆகவே தட்டைக் கண்டதும் உடைத்துவிட வேண்டும் என்ற அவசரம் கூடாது. நெல் மட்டுமே போடும் கண்மாய் வயலில் உளிக் கலப்பையை இறக்கினால் அடுத்த ஆண்டு தண்ணீர் நிற்காது. நெல்லும் கடலையும் மாறி மாறிப் போடுகிற இந்த வயலில்தான் உண்மையான சிக்கல். எங்கள் கருத்தில், கண்மாய் நிறைவது நிச்சயமில்லாத ஆயக்கட்டின் கடைக்கோடி வயல்களில் கடலைக்கே முன்னுரிமை கொடுத்து உடைக்கலாம்; மடையடி வயலில் உடைக்க வேண்டாம்.

ரொட்டவேட்டரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் ‘ட’ வடிவக் கத்திகள் ஒவ்வொரு தடவையும் அதே 10, 12 செ.மீ. ஆழத்தில் மண்ணின் அடியைச் சீவிப் பூசிவிட்டுப் போகின்றன. மேலே மாவு போன்ற புழுதி, பார்க்க அழகு. கீழே வழவழப்பான ஒரு தளம். சட்டிக் கலப்பை ஓட்டும்போது டிராக்டரின் ஒரு பக்கச் சக்கரம் ஏற்கெனவே உழுத சாலுக்குள்ளே, நேராக அடிமண்ணின் மேலேயே ஓடுகிறது. வண்டி மண்ணை இளக்கிக்கொண்டே கீழே இறுக்கவும் செய்கிறது என்பது இந்த இரண்டு இடத்திலும் கண்கூடு.

திருத்தம்: முதலில் நாள், அடுத்து பாதை, கடைசியில் கலப்பை

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உளிக் கலப்பையை வாடகைக்கு எடுத்து உழுதுவிட்டு, அடுத்த மாதமே ஈர நிலத்தில் ரொட்டவேட்டரை இறக்குகிறார்கள். புதிதாக இளகிய மண் பலமற்றது. ஒரே ஓட்டத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், சில சமயம் அதை விட மோசமாக.

நாளைத் தீர்மானிப்பது மேல்மண் அல்ல. “மேல காஞ்சிருச்சுண்ணே, வண்டி தாங்கும்” என்று ஓட்டுநர் சொல்வார். அவர் சொல்வது வண்டி புதையாது என்பதைப் பற்றி. மண் நசுங்காது என்பதைப் பற்றி அல்ல. மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டி, அந்த ஆழத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். 3 மி.மீ. கனத்துக்கு, தீப்பெட்டிக் குச்சியை விடச் சற்றே தடிமனாக, உடையாமல் திரி வந்தால் இறக்கக் கூடாது. திரிக்கும்போதே உதிர்ந்தால் இறக்கலாம். மணல் மிகுந்த மண்ணில் திரியே வராது. அங்கே உருண்டை பிடித்து இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சிதறினால் சரி, அப்பிக்கொண்டால் பொறுங்கள்.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பே மடையை அடைத்து வயலில் நிற்கும் நீரை வடித்துவிட வேண்டும். அதற்குள் தை மழை வந்து, நெல் சாய்ந்து, வண்டியும் இரண்டு நாளில் ஊரை விட்டுப் போய்விடும் என்ற நிலை வருவது உண்டு. அந்த நேரத்தில் மண்ணுக்காக நெல்லை இழக்கச் சொல்வது நியாயமில்லை. அறுங்கள், ஆனால் செயின் வண்டி மட்டும். தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். டிப்பர் வண்டிப்பாதையிலேயே நிற்கட்டும், அறுவடை வண்டி ஓரத்துக்கு வந்து கொட்டட்டும். ஏக்கருக்கு ஐந்தாறு தடவை வந்துபோனாலும் கூடுதலாகச் செலவாவது அரை மணி நேர வாடகைக்குள்தான்.

பாதை என்று சொல்வது எளிய விஷயம். நீளவாட்டிலேயே ஓட்டுங்கள். திரும்புவதற்கு இரு முனையிலும் 4 மீட்டர் வேண்டும் என்றால், 100 மீட்டர் நீளத்தில் அது 8 சதவீதம். 40 மீட்டர் அகலவாட்டில் ஓட்டினால் 20 சதவீதம். வரப்பில் 2 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, உழவு, அறுவடை, வைக்கோல் கட்டு மூன்றும் அதே முளையிலிருந்து தொடங்கினால் இந்த மூன்றும் மிதிக்கும் நிலம் 50 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். டிராக்டர் பின்சக்கரத்தின் இடைவெளியை, சக்கரத் தட்டைத் திருப்பிப் பொருத்தி மாற்ற முடியும். செயின்களின் நடு இடைவெளிக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. ரோட்டு வேலைக்காக டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் வயலுக்கு வரும்முன் வடித்துவிடுங்கள், ஒவ்வொரு சக்கரத்திலும் 100 கிலோவுக்கு மேல் குறையும். காற்றை டயர் கம்பெனி அட்டவணையில் அந்த எடைக்குச் சொன்ன குறைந்த அளவுக்கு இறக்கி, திரும்ப ரோட்டில் ஏறும் முன் நிரப்பிக்கொள்ள வேண்டும். ரொட்டவேட்டர் ஒரு தடவை போதும், இரண்டாவதைக் கைவிடுங்கள்.

இவை கைக்கு வந்த பிறகுதான் உளிக் கலப்பை. சித்திரை, வைகாசியில், அடிமண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது இறக்க வேண்டும். காய்ந்த தட்டு உளியின் இருபக்கமும் நொறுங்கி வெடிக்கும். ஈரமாக இருந்தால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஒரு கீறல்தான் மிச்சம். தட்டு 12 முதல் 24 செ.மீ. வரை இருந்தால் 30 செ.மீ. ஆழம் போதும். தேவைக்கு மேல் ஆழம் வைத்தால் ஒல்லியான உளி மண்ணை மேலே தூக்குவதற்குப் பதில் பக்கவாட்டில் நெருக்கிவிடும். அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசை, பிறகு அதற்குக் குறுக்கே மறு திசை. ஒரு திசைக்கு 8,000 மீட்டர் ஓட்டம் வரும். ஒற்றை உளி, மணிக்கு 3 கி.மீ. என்றால் 2 மணி 40 நிமிடம். இரு திசைக்கும் 5 மணி 20 நிமிடம், திரும்பும் நேரம் தனி. முதல் பத்து மீட்டர் ஓடியதும் வண்டியை நிறுத்தி, உளி போன கோட்டுக்குக் குறுக்கே மண்வெட்டியால் வெட்டிப் பார்த்துவிடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே தட்டு உடையாமல் இருந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அல்லது மண் இன்னும் காயவில்லை. கலப்பை உடையாமல் காக்கத் தான் அறுந்துபோகும் ஷியர் போல்ட் அடிக்கடி அறுந்தால் கீழே செம்புறாங்கல். அங்கே விட்டுவிடுங்கள்.

உழுததோடு ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ சேர்க்க வேண்டும். உளி உழவும் உரமும் சேர்ந்தால் 30 சதவீதம் வரை கூடுதல் விளைச்சல் என்பது பல்கலைக்கழகத்தின் பரிந்துரைக் கையேட்டில் உள்ள அளவு. தட்டு உண்மையிலேயே இருந்த நிலத்துக்குத்தான் அது பொருந்தும். உரம் இல்லாமல் வெறும் உளி உழவு செம்மண்ணில் நீடிக்காது, இரண்டு நல்ல மழையில் மண் மறுபடி படிந்துவிடும். வெடிப்புகள் திறந்திருக்கும்போதே கோடை மழையில் சணப்பையோ கொளுஞ்சியோ விதைத்துவிட்டால் வேர்கள் அந்த வழியில் இறங்கி, மட்கிய பின்னும் துளையாக நிற்கும். உளி உழவை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யத் தேவையில்லை. தேவைப்படுகிறது என்றால் பாதையும் நாளும் இன்னும் சரியாகவில்லை என்று பொருள்.

ஆவணி மழைக்குப் பிறகு, முதலில் குத்திய அதே இடங்களில் கம்பியை மறுபடி இறக்கி, நோட்டில் உள்ள பழைய ஆழத்துக்குப் பக்கத்தில் புதிய ஆழத்தை எழுதுங்கள். அதே பக்கத்தில், அறுவடைக்கு வண்டி பேசும்போது வாடகையோடு சேர்த்துப் பேசி முடிக்க வேண்டிய மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் முளையிலிருந்து நீளவாட்டில் தொடங்குவது, நின்ற இடத்தில் சுழற்றாமல் அகலமாகத் திருப்புவது, நெல்லை ஓரத்துக்கு வந்து கொட்டுவது. வண்டி வரப்பில் ஏறி நின்ற பிறகு பேசினால் எந்த ஓட்டுநரும் கேட்க மாட்டார். அவருக்கு அடுத்த வயல் காத்திருக்கும்.